நான்கு மாதம் குறைகிறது

அன்புள்ள எலோடியாவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? நான் சுகம். நான் சொல்ல, அறைத்தோழன் வில்மர் எழுதுகிறான். போனில் நீ அழுதால் எனக்குப் பேச்சு வராது. அதனால்தான் இந்தக் கடிதத்தைப் படம் எடுத்து நம் மகளுக்கு அனுப்பச் சொன்னேன்.

ஜப்பானை விட்டு ஊருக்கே திரும்பிப் போகிறேன் என்று ஓய்வூதிய அலுவலகத்தில் சொன்னேன். துணைக்கு வில்மரும் வந்திருந்தான்.

“ஒன்பது வருஷம் எட்டு மாசம்தான் இருக்கு, ஹிகா ஐயா. பத்து வருஷம் இல்லாட்டி பென்ஷன் கிடையாது. கட்டினதுல கொஞ்சம் திருப்பி வாங்கலாம். வாங்கினா அத்தனை வருஷமும் அழிஞ்சிடும்,” என்றாள் அங்கிருந்த பெண்.

“தொண்ணூத்தி நாலு, பிப்ரவரி ஏழு, திங்கக்கிழமை. சோத்துப்பெட்டி கம்பெனில சேர்ந்தேன். நாலு மாசம். அதை விட்டுட்டீங்க,” என்றேன்.

“இவருக்கு எழுதப் படிக்கத்தான் தெரியாது. நான் கைமாத்து வாங்கின தேதியெல்லாம் சொல்வாரு,” என்றான் வில்மர்.

அவள் சிரித்தாள். “காகிதம் வேணும் ஐயா. வெள்ளிக்கிழமை நீங்க விமானம் ஏறணும்ல?”

படிக்கத் தெரியாத எனக்கு எதற்கு என்று சம்பளச் சீட்டுகளை அப்போதே உனக்கு அனுப்பிவிட்டேன். தையல் மெஷின் இழுப்பறையில் தேடு. பென்ஷன் பிடித்தம் போட்ட அந்த நாலு மாதச் சீட்டைப் படம் எடுத்து அனுப்பினால் போதும். கட்டின பணத்தைத் திரும்பப் பெறும் படிவத்தை இன்னும் கொடுக்கவில்லை.

அடுப்பு மூட்ட எரித்திருந்தாலும் திட்டமாட்டேன். அதையாவது வெள்ளிக்கு முன் சொல்லிவிடு.

அவசரத்தில்,
உன் அகுஸ்தோ