தங்கை நிற்கச் சொன்ன பாலம்

செப்டம்பர் 14, ஞாயிறு

மத்தியானம் பாரிசிலிருந்து தங்கை போன் எடுத்தாள். மார்பில் கட்டியாம். வெள்ளிக்கிழமை ஒப்பரேசன். ஜூலையிலேயே அவளுக்குத் தெரியுமாம்.

ஜூலையில்தான் நான் இங்கிருந்து போய், அவளுடன் லொட் ஆற்றோரமாக ஆறு நாள் சைக்கிள் ஓடினேன்.

"அப்ப ஏன் எனக்குச் சொல்லேல்லை?" என்று கேட்டேன்.

"சொல்லத்தான் அண்ணை, அந்தக் கல்லுப் பாலத்தடியிலை நிக்கச் சொன்னனான். நீங்கள் நிக்கேல்லை."

நன்றாக ஞாபகம் இருக்கிறது. மூன்றாம் நாள் காலை. பாலத்துக்கு அப்பால், மலைமேலே நாங்கள் போகவிருந்த பழைய கோட்டைக் கிராமம் தெரிந்தது. "அண்ணை, கொஞ்சம் இருந்து கதைச்சிட்டுப் போவம்" என்றாள். அவள் களைத்துவிட்டாள் என்று நினைத்தேன். வெயில் ஏறமுன் மேலே போய்விட வேண்டும் என்று மிதித்துக்கொண்டே போனேன். உச்சியில் நின்றபடி, அவள் சைக்கிளை உருட்டிக்கொண்டு ஏறி வருவதைச் சிரித்துச் சிரித்துப் படம் எடுத்தேன். பிறகு அவள் என்னை நிற்கச் சொல்லவே இல்லை.

"நான் வரட்டோ?" என்று கேட்டேன்.

"உங்களுக்கு லீவு இருக்காதே அண்ணை. வேண்டாம், அவர் பக்கத்திலை இருப்பார்."

உண்மைதான். இந்த வருட லீவு முழுவதும் ஜூலையிலேயே முடிந்துவிட்டது. வெயார்ஹவுஸ் மேலாளருக்குச் செய்தி அனுப்பினேன். பதில் இல்லை.

புதன்கிழமைக்கு டிக்கெட் போட்டுவிட்டேன். லீவு தராவிட்டாலும் போவேன். அவளுக்கு இன்னும் சொல்லவில்லை. சொன்னால் மறிப்பாள். இந்த முறை அவளிடம் கேட்கப் போவதில்லை.