நான் பூட்டிய மூன்றாவது வயர்

இன்று காலை ஒஸ்லோவில் எங்கள் வெஸ்ட்லி வீட்டில் நின்றவர்கள் மூன்று பேர்: நான், எங்கள் மகன், கூரை திருத்த வேலைக்காக அன்ரெனாவைக் கழற்ற வந்த மனிதர். வேறு ஒருவரும் இல்லை. ஆகவே நடந்ததை உங்களுக்கு நான்தான் எழுத வேண்டும்.

அந்த மனிதர் பரணுக்குள் ஏறிக் கொஞ்ச நேரம் வயர்களைத் தடவிப் பார்த்தார். இறங்கி வந்து உள்ளங்கையை நீட்டினார். மூன்று வாயுள்ள சின்னப் பித்தளைத் துண்டு. ரீவிக்குப் பின்னால் பூட்டுகிற வகை. விளிம்பில் பச்சை பிடித்திருந்தது.

"இதை ஆர் பூட்டினது?" என்று நோர்வேஜிய மொழியில் கேட்டார்.

"அப்பாவாத்தான் இருக்கும்," என்று மகன் என்னிடம் தமிழில் சொன்னான்.

நீங்கள் இப்படி ஒரு பிழை விடமாட்டீர்கள் என்று அந்த இடத்தில் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

உங்களுக்குக் கடல் ஆகாது. ஊரில், உங்கள் தீவில், உங்கள் அண்ணனைக் கொண்டுபோன கடல். நோர்வேயின் வடக்கு முனையில், ஹம்மர்பெஸ்டில் மீன் தொழிற்சாலையில் ஆறு மாரி நின்றும் ஒரு நாள்கூட வள்ளத்தில் கால் வைக்காத ஆள் நீங்கள். "மீன் என்னட்டை வரட்டும், நான் அதிட்டைப் போகமாட்டன்," என்று சொல்லிச் சிரிப்பீர்கள். ஒஸ்லோவுக்கு வந்த பிறகும், கோயில் ஆட்கள் எல்லாரும் படகேறித் தீவுக்குப் போன ஞாயிறு, நீங்கள் மட்டும் கரையில் சாப்பாட்டுப் பெட்டிகளுக்குக் காவல் இருந்தீர்கள்.

அப்படிப்பட்ட உங்கள் பிள்ளைதான் படிப்பைப் பாதியில் விட்டு, துறைமுகத்தில் பெரிய கப்பல்களைக் கட்டி இழுக்கிற படகில் வேலைக்குச் சேர்ந்தான். "கடலோ வீடோ எண்டு அவன் முடிவெடுக்கட்டும்," என்றீர்கள். அவன் உடுப்புப் பையை எடுத்தான். கதவு சாத்தின பிறகு என்னைப் பார்த்து, "நீரும் அவனோடை கதைக்கக் கூடாது," என்றீர்கள். மாதா படத்துக்கு முன்னால் நின்று நான் வாக்குக் கொடுத்தேன்.

அடுத்த கோடையில், வானலையில் ஆட்கள் கதைக்கிறதைக் கேட்கிற இரண்டு ஸ்கேனர் பெட்டிகளோடு வந்தீர்கள். வீட்டுச் சங்கத்திடம் கடிதம் எழுதி அனுமதி எடுத்து, கூரையில் அன்ரெனா நட்டு, ஒரே வயரைப் பரணுக்குள் இறக்கி, அங்கே ஒரு பிரிப்பான் வைத்து இரண்டு பெட்டிக்கும் கொடுத்தீர்கள்.

"ஒண்டு பிளேன் கேக்க," என்றீர்கள்.

"மற்றது?"

"அதுவும் பிளேன்தான்."

ஒரு பின்னேரம் தேத்தண்ணியோடு உங்கள் அறை வாசலில் வந்தேன். உள்ளே அவனுடைய குரல். படகின் பெயரைச் சொல்லி, துறைமுகத்துக்குள் வரட்டோ என்று யாரிடமோ கேட்டுக்கொண்டிருந்தான். நீங்கள் பெட்டிக்குக் கிட்டக் காதை வைத்து, தலையைக் குனிந்து, நற்கருணைக்கு முன்னால் இருப்பதுபோல இருந்தீர்கள். பலகை என் காலடியில் கிறீச்சிட்டதும் சட்டென்று குமிழைத் திருப்பினீர்கள்.

"பிளேன்," என்றீர்கள். "இறங்கிறதுக்கு நிக்குது."

"ஓம். தேத்தண்ணி ஆறப்போகுது," என்றேன்.

அன்று நான் உள்ளே வந்து உங்களுக்குப் பக்கத்தில் இருந்திருக்கலாம். உங்கள் மானத்தைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்துத் திரும்பிப் போய்விட்டேன்.

ஆனால் அந்தக் குரல் என்னை விடவில்லை. கதைக்கக் கூடாது என்றுதானே வாக்கு. கேட்கக் கூடாது என்று நீங்கள் சொல்லவில்லையே. பள்ளிக்கூடத்தில் நடந்த பழைய சாமான் சந்தையில், விளையாட்டுச் சாமான்களுக்குள் ஒரு ஸ்கேனர் கிடந்தது. கொண்டுவந்து உடுப்புத் தோய்க்கிற அறையில் அரிசி வாளிக்குப் பின்னால் வைத்தேன். அதன் சின்னக் கம்பிக்கு இரைச்சலைத் தவிர வேறொன்றும் எட்டவில்லை. நூலகத்திலிருந்து ஒரு புத்தகம் எடுத்து, விளங்கின மட்டுக்கும் வாசித்தேன். நீங்கள் வேலைக்குப் போன ஒரு நாள் பரணில் ஏறினேன். உங்கள் பிரிப்பானுக்கு வருகிற வயரை வெட்டி, நடுவில் அந்தப் பித்தளைத் துண்டைப் பூட்டி, சுவரோரம் எனக்கொரு வயர் இறக்கினேன்.

பாஸ்காத் திருவிழிப்பு இரவில் கோயிலின் பெரிய மெழுகுதிரியிலிருந்து நாங்கள் எல்லாரும் எங்கள் சின்னத் திரிகளைக் கொளுத்துகிறோம். பெரிய திரியின் சுடர் குறைவதில்லை. காற்றில் வருகிற குரலும் அப்படித்தான் என்று நினைத்தேன். அன்றைக்கே உங்கள் அறையில் சோதித்தும் பார்த்தேன். பிளேன் ஓட்டிகள் முந்தின மாதிரியே சத்தமாகக் கதைத்தார்கள். ஒரு குறையும் இல்லை என்று சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டேன்.

அதன் பிறகு எனக்கு அவன் தெளிவாகக் கேட்டான். வீட்டுக் கணக்குக் கொப்பியின் கடைசிப் பக்கங்களில் எழுதிவைத்தேன். "செவ்வாய், பகல், இரண்டு தரம். தடிமன் பிடித்த குரல்." "வியாழன், காலை. ஆரோ பகிடி விட, சிரித்தவன்."

அதே கிழமைகளில் நீங்கள் குமிழைத் திருப்பித் திருப்பிக் களைத்துப்போனீர்கள். ஒரு நாள் காது பார்க்கிற வைத்தியரிடம் போய் வந்து, "காது நல்லாயிருக்காம்," என்று வழக்குத் தோற்ற ஆளைப் போலச் சொன்னீர்கள். காது நல்லாயிருந்தால் ஏன் இந்த முகம் என்று நான் கேட்டிருக்க வேண்டும்.

பிறகு அந்தச் சனிக்கிழமை. நான் மீன் பொரித்துக்கொண்டு நின்றேன். நீங்கள் யன்னலைப் பார்த்தபடி, "சில படகுகள் வடக்குக்குப் போயிட்டுது போலை," என்றீர்கள். எந்தப் படகு என்று எனக்குத் தெரியும். அது எங்கும் போகவில்லை என்றும் தெரியும். அன்று காலைதான் கேட்டிருந்தேன். சொன்னால் என் கள்ளம் வெளியே வரும். உங்களுடையதும் வரும்.

"இருக்கும்," என்றேன். மீனைப் புரட்டினேன்.

இரண்டு நாள் கழித்து, "ஹம்மர்பெஸ்டுக்கு ஒருக்காப் போய் வருவமே? பழைய ஆக்களைப் பாக்கலாம்," என்று கேட்டீர்கள். அங்கே எங்களுக்குத் தெரிந்த பழைய ஆட்கள் ஒருவரும் இப்போது இல்லை. ஆனாலும் ஓம் என்றேன். உங்கள் தடித்த குளிர்ச்சட்டையை வெளியில் காயப்போட்டேன். புறப்பட இருந்த கிழமைக்கு முந்தின கிழமை உங்கள் நெஞ்சு நின்றுவிட்டது. சவப்பெட்டி மூடுவதற்கு முன் வந்து சேர்ந்த மகன் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றான். உங்களோடு அவன் கதைக்க முடியவில்லை; அன்றிலிருந்து நான் அவனோடு கதைக்கிறேன்.

இன்று அந்த மனிதர் படம் கீறிக் காட்டினார். ஒரு அன்ரெனாவில் வருவதை இரண்டாகப் பிரித்தால் ஆளுக்குப் பாதிதானாம். உங்கள் பிரிப்பான் ஏற்கெனவே பாதி பாதியாகக் கொடுத்துக்கொண்டிருந்தது. அதற்கு முன்னால் நான் வெட்டிப் பூட்டியதால் எனக்குப் பாதி, உங்கள் பெட்டிகளுக்குக் கால் கால். பலமாக வருகிற பிளேனுக்கு அது பெரிதில்லை. தூரத்தில் மெல்லியதாக வருகிற படகு இரைச்சலுக்குள் அமிழ்ந்துபோய்விடும். மூன்று பெட்டி வேண்டுமென்றால் முதலில் வருகிற சத்தத்தைப் பெருக்க வேண்டும், பிறகுதான் பிரிக்க வேண்டும் என்றார்.

கணக்கில் பிழை விடாதவள் என்று நீங்கள் ஊரெல்லாம் சொன்ன பெண், உங்கள் காதிலிருந்து பிள்ளையை எடுத்துத் தன் காதில் வைத்துக்கொண்டாள்.

அந்த மனிதர் போன பிறகு மகனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கொப்பியையும் கொடுத்தேன். அவன் கடைசிப் பக்கங்களை வாசித்துவிட்டு ஏணியைப் பிடித்துக்கொண்டு கேட்டான்.

"அப்பா நெடுக என்னைக் கேட்டுக்கொண்டே இருந்தவரோ?"

"நான் உன்னை மறைக்கிற வரைக்கும்."

"அப்பிடிச் சொல்லாதேங்கோ அம்மா." பிறகு, "இனி உங்களுக்கு ஏன் இந்தப் பெட்டி? போன் இருக்குத்தானே," என்றான்.

"போனிலை நீ எனக்காகக் கதைக்கிறாய். இதிலை நீ உன்ரைபாட்டிலை இருக்கிறாய்," என்றேன்.

கூரை முடிந்ததும் அன்ரெனா திரும்ப ஏறும். அதற்குக் கீழே சத்தத்தைப் பெருக்குகிற கருவி, பிறகு மூன்று பெட்டிக்கும் கொடுக்கிற பிரிப்பான். உங்கள் பெட்டிகள் இரண்டும் இருந்த இடத்திலேயே இருக்கும். என்னுடையது அரிசி வாளிக்குப் பின்னாலிருந்து உங்கள் மேசைக்கு வந்துவிட்டது.

போகும்போது வாசலில் சப்பாத்தைக் கட்டியபடி அவன் ஒன்று கேட்டான். "அப்பா என்னைத் தேடித்தானே ஹம்மர்பெஸ்டுக்குப் போகப் பாத்தவர்?"

ஓம் என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் அந்தச் சனிக்கிழமை எல்லாம் தெரிந்தும் சொன்ன 'இருக்கும்' என்ற ஒரு சொல்லால் உங்களுக்குச் செய்ததை, இன்று தெரியாமல் சொல்லி அவனுக்குச் செய்ய மனம் வரவில்லை. அப்பாவிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். சிரிப்பான் என்று நினைத்தேன். "கேட்டுச் சொல்லுங்கோ," என்று சொல்லிவிட்டுப் போனான்.

செபத்தில் கேட்டேன், இங்கேயும் கேட்கிறேன். அவனைத் தேடித்தான் போக நினைத்தீர்களா? வெள்ளிக்கிழமை அவன் சாப்பிட வருகிறான். அதற்குள் எனக்குப் பதில் தாருங்கள்.