பச்சைத் திரையும் ஆம்புரோஸின் பொய்யும்

சிலிபின், ஈப்போ
12.11.1988

அன்பு மகள் எல்ஸிக்கு அப்பா எழுதிக்கொள்வது. ஆண்டவர் புண்ணியத்தில் இங்கே நானும் அம்மாவும் சுகம், என் இடது முழங்காலைத் தவிர, அதுவும் இந்த மழை நின்றால் என்னை மன்னித்துவிடும் என்று நினைக்கிறேன். அங்கே லீட்ஸில் நீ படிப்பும் வேலையுமாக அலைந்தாலும் வேளைக்குச் சாப்பிட்டு, காலுறை போட்டுத் தூங்கி, நல்லபடியாக இருப்பாய் என்று நம்புகிறோம். உன் வீட்டுக்கார வெள்ளைக்கார அம்மா தினமும் சும்மாவே டீ போட்டுத் தருகிறாள் என்று எழுதியிருந்தாய். ஏன் தருகிறாள்? யோசித்துப் பார்த்தாயா? குடிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை, பெட்டியைப் பூட்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு குடி. அந்தக் கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் கொசு எழுத்தில் ஒரு விஷயம் கேட்டிருந்தாய். ஆம்புரோஸ் உன்னைக் கட்டிக்கொள்ளக் கேட்டிருக்கிறான், அப்பா என்ன சொல்கிறீர்கள், நீங்கள் வேண்டாம் என்றால் நானும் வேண்டாம் என்று எழுதிவிடுகிறேன் என்று. அதற்குப் பதில் எழுத ஐந்து வாரம் ஆகிவிட்டது. தபால்காரர் மேல் கோபப்படாதே, குற்றவாளி நான்தான்.

டவுனில் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிற இந்த ஆம்புரோஸ் சனிக்கிழமை தவறாமல் நம் வீட்டுக்கு எதற்கு வருகிறான் என்ற சந்தேகம் உன் கடிதம் வருவதற்கு முன்பே எனக்கு உண்டு. நீ உன் பழைய ஆபீஸில் கழித்துப் போட்டதென்று கொண்டுவந்து ஹாலில் வைத்துவிட்டுப் போன கம்ப்யூட்டரை ஒரு பார்வை பார்க்க வருகிறானாம். அதில் பார்க்க என்ன இருக்கிறது? அம்மா அந்த ஈயம் தோண்டுகிற ஆட்டம் ஒன்றைத்தான் ஆடுகிறாள். ஆட்டம் முடிந்ததும் பெயர்ப் பட்டியல் வருமே, அதில் இன்னும் உன் பெயர்தான் முதலில் நிற்கிறது. உன்னை முந்திவிடக் கூடாது என்று அம்மா கடைசி நேரத்தில் வேண்டுமென்றே போய்ப் பாறைக்கு அடியில் செத்துப்போகிறாள், அப்புறம் உன் பெயரைப் பார்த்துவிட்டுத்தான் சோறு வடிக்கப் போகிறாள். செப்டம்பரில் ஒரு நாள் இவன் வந்து, "இது ரொம்பப் பழைய சிஸ்டம் அங்கிள், இப்ப யாருமே இத வெச்சிக்கிறதில்ல லா" என்று ஒரு புது டிஸ்கைப் போட்டு ஆரம்பித்துக் காட்டினான். எல்லாம் பளிச்சென்று வந்தது. அவன் போன பிறகு அம்மா ஆட்டத்தைப் போட்டாள், தோண்டுகிற ஆள் இரண்டாகப் பிளந்து பாதி உடம்பு இடது ஓரத்திலும் பாதி வலது ஓரத்திலும் நிற்க, நடுவில் மழை பெய்வது மாதிரி கோடு கோடாக ஓடுகிறது. அம்மா சிலுவை போட்டுக்கொண்டாள். பக்கத்து வீட்டுக் காளியம்மா வேலி வழியாக எட்டிப் பார்த்து, "யாரு கண்ணோ பட்டுருக்கு அக்கா, கற்பூரம் சுத்திப் போடுங்க" என்றாள். நான் என் அறிவுக்கு எட்டியதைச் செய்தேன். டிவியைத் தட்டுவது போலப் பக்கவாட்டில் நாலு தட்டு தட்டினேன். பிறகு பீடோரில் இருந்தபோது கறுப்பு வெள்ளை டிவிக்கு முன்னால் மாட்டியிருந்தோமே ஒரு கலர் பிளாஸ்டிக், மேலே நீலமும் கீழே பச்சையுமாக, அதைத் தேடி எடுத்து மாட்டிப் பார்த்தேன். பிளந்த ஆள் கலரில் பிளந்து நின்றான்.

அடுத்த சனிக்கிழமை ஆம்புரோஸ் பார்த்துவிட்டு விளக்கம் சொன்னான். "இந்த ஆட்டம் கலர் திரைக்குச் செஞ்சது அங்கிள், நம்மளுது பச்சைத் திரை. எல்ஸி ஒரு சின்னப் புரோகிராம முதல்ல ஓட விட்டுட்டுத்தான் ஆட்டத்தப் போடும். இதுவும் கலர் திரைதான்னு அது ஆட்டத்துகிட்ட பொய் சொல்லும், ஆட்டமும் நம்பிரும். புது சிஸ்டத்துல அந்தப் புரோகிராம் நிக்க மாட்டேங்குது. பழைய சிஸ்டம் டிஸ்கப் போட்டு ஆரம்பிச்சாத்தான் சரியா வரும்." நீயே சொல் மகளே, போன வாரம் பழையது வேண்டாம் என்றவன் இந்த வாரம் பழையதைக் கொடு என்கிறான், அதுவும் ஒரு மெஷினிடம் பொய் சொல்வதற்கு. அன்றைக்கு டிஸ்க் எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன். உண்மையில் அலமாரியில்தான் இருந்தது. உன் கடிதமும் அந்த வாரமே வந்து சேர்ந்தது. என் சந்தேகத்துக்கு எண்ணெய் ஊற்றிய மாதிரி ஆகிவிட்டது. எஸ்டேட்டில் முப்பது வருஷம் ரப்பர்ப் பால் எடை போட்டவன் நான். வாளியில் தண்ணீர் கலந்து கொண்டுவந்துவிட்டு, "மழை அண்ணே, மரத்துலயே விழுந்திருச்சி" என்று சிரிக்கிற முகங்களை எத்தனை பார்த்திருக்கிறேன். இவனும் அதே மாதிரி சிரிக்கிறான். நல்ல டிஸ்கை எடுத்துக்கொண்டு ஓட்டை டிஸ்கை வைத்துவிட்டால் நமக்கு என்ன தெரியும் என்று, கம்ப்யூட்டர் பெட்டியின் ஆணிகள் மேலெல்லாம் அம்மாவின் நகப்பூச்சைத் தொட்டு அடையாளம் வைத்தேன். அலமாரியில் இருந்த டிஸ்க் ஒவ்வொன்றின் மேலும் என் முழுக் கையெழுத்தைப் போட்டேன். ஆட்டமும் அந்தப் பொய்ப் புரோகிராமும் இருக்கிற டிஸ்க் மட்டும் தப்பித்தது, உன் பெயர் அதில் இருக்கிறதென்று அம்மா அதைச் சேலை மடிப்புக்குள் வைத்திருந்தாள்.

பிறகு ஆம்புரோஸ் வந்தபோது பழைய டிஸ்கைக் கொடுத்தேன். போட்டான், கரகரவென்று சத்தம் வந்தது, படிக்க முடியவில்லை என்று திரை சொல்லிவிட்டது. நான் எழுந்துவிட்டேன். "மாத்திட்டியாடா? என் வீட்டுலயே வந்து மாத்திட்டியா?" என்று கேட்டேன். கையெழுத்து என்னுடையதுதான், ஆனாலும் லேபிளைப் பெயர்த்து வேறொன்றில் ஒட்டியிருப்பான் என்று என் மூளை ஓடியது, இந்த மூளை படிப்பில் ஓடியிருந்தால் நான் எஸ்டேட் ஆபீஸில் கணக்கெழுதுகிற கிராணியாராகவாவது ஆகியிருப்பேன். அவன் டிஸ்கை வெளியே எடுத்து இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அப்புறம், "என் கைதான் தவறிருச்சி அங்கிள், மன்னிச்சிருங்க" என்றான். இனிமேல் வாசல்படி மிதிக்காதே என்று சொல்லி அனுப்பிவிட்டேன். உனக்கும் வேண்டாம் என்று ஒரு கடிதம் எழுதி ஒட்டியும் வைத்துவிட்டேன்.

அந்தக் கடிதம் தபாலுக்குப் போகாததற்குக் காரணம் மூன்று நாள் விடாமல் பெய்த மழை. நாலாம் நாள் அவன் மோட்டார் சைக்கிளில் தொப்பலாக நனைந்து வந்து வாசலுக்கு வெளியிலேயே நின்றான், படியை மிதிக்கவில்லை. சித்தியவானில் அவன் கூட்டாளி ஆபீஸில் இதே பழைய சிஸ்டம் இன்னும் இருக்கிறதாம், போய் ஒரு பிரதி எடுத்து, மூன்று பிளாஸ்டிக் பைக்குள் சுற்றி, சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்திருக்கிறான். அம்மா என்னைக் கேட்காமலே அவனை உள்ளே கூப்பிட்டாள். பழைய சிஸ்டம் முதலில், பொய் சொல்கிற புரோகிராம் இரண்டாவது, ஆட்டம் மூன்றாவது. பிளந்த ஆள் ஒன்றாகிவிட்டான். உன் பெயர் பட்டியலின் தலையில் இருந்தது. அம்மா அழுதாள், நான் முழங்கால் வலிக்கிறதென்று எழுந்து உள்ளே போய்விட்டேன்.

அவன் போன பிறகு அம்மா அந்தக் கெட்டுப்போன டிஸ்கை எடுத்து வந்து என் விரலைப் பிடித்து அதன் பின்பக்கத்தில் தடவ வைத்தாள். என் கையெழுத்து அங்கே புடைத்துக்கொண்டு நிற்கிறது, குருடன்கூடப் படிக்கலாம். பால் நிறுக்கிற இடத்தில் ஒரு துண்டுச் சீட்டு கிராணியாருக்கு, ஒன்று துரைக்கு, ஒன்று புத்தகத்துக்கு, மூன்றாவது கார்பன் தாளில் தெரியாவிட்டால் துரை என்னைத்தான் கேட்பார் என்று அழுத்தி அழுத்திப் பழகிய கை. திருட்டைப் பிடிக்கப் போட்ட கையெழுத்துதான் உறைக்குள் இருந்த மெல்லிய டிஸ்கைக் கொன்றிருக்கிறது. ஆம்புரோஸுக்கு அன்றைக்கே தெரிந்துவிட்டது. நனைந்து வந்த நாளில் போகும்போது கொல்லைப்பக்கம் அம்மாவிடம் விஷயத்தைச் சொல்லி, "ஆண்டி, அங்கிளுக்குச் சொல்லிராதீங்க லா, பாவம், சங்கடப்படுவாரு" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான்.

ஆகவே மகளே, வேண்டாம் என்று எழுதிய கடிதத்தை அடுப்பில் போட்டுவிட்டேன். எனக்குச் சம்மதம். ஆனால் ஒன்றை யோசித்துக்கொள். பச்சைத் திரையைக் கலர் என்று ஆட்டத்தை நம்ப வைத்தான், என் தப்பைத் தன் தப்பு என்று என்னையே நம்ப வைத்தான். இவ்வளவு சுத்தமாகப் பொய் சொல்கிறவன் மேல் ஆயுசுக்கும் ஒரு கண் வைத்திரு, நானும் வருகிற சனிக்கிழமை அவனுக்கு நண்டுக் குழம்பு போட்டு எதிரில் உட்கார்ந்து ஒரு கண் வைக்கப் போகிறேன். எனக்கு விஷயம் தெரியும் என்று மட்டும் அவனுக்கு எழுதிவிடாதே.

மாதாவின் துணை உன்னோடு இருக்கட்டும், நீ தொட்டதெல்லாம் துலங்கட்டும். பெட்டிச் சாவி பத்திரம். தாள் மெல்லியதாக இருப்பதால் இந்த முறை அழுத்தாமல் கையெழுத்துப் போடும்,

உன் அப்பா,
சவரிநாதன்