லேமினேட் செய்யப்பட்ட பத்துப் பேர்

குட்மேய்ஸில் உன் தெருமுனைக் கடையில் இன்று அந்த வாசம் மூக்கில் ஏறியதுமே உன்னைத் திட்டத் தொடங்கிவிட்டேன். சூடேறிய பிளாஸ்டிக்கின் வாசம். நீ போய் ஏழு மாதமாகிறது. செத்தவனைத் திட்டக்கூடாது என்பார்கள். உயிரோடு இருந்தபோது ஒன்பது வருடம் முகம் காட்டாமல் இருந்தவனை வேறு எப்போது திட்டுவது?

இந்த நாட்டுக்கு வந்த புதிதில், ஆர்ச்வேயில் கோயிலுக்குக் கீழ்ப்புறத் தெருவில், ஒரே அறையில் கிடந்த காலத்தில் நாம் இருவரும் ஒத்துப்போன விஷயம் ஒன்றே ஒன்றுதான்: அந்த வட்டாரத்து உதைபந்தாட்ட அணி. டிக்கெட் வாங்க வழியில்லை. சனிக்கிழமைகளில் மைதானம்வரை நடந்துபோய் மதிலுக்கு வெளியே நின்று இரைச்சலைக் கேட்போம். எது கோல் விழுந்த இரைச்சல், எது தப்பிப்போன கோலின் இரைச்சல் என்று நீ பெரிய ஆள்மாதிரிச் சொல்லுவாய். பாதிக்கு மேல் பிழையாகத்தான் சொன்னாய். அதை ஒருநாளாவது ஒத்துக்கொண்டாயா?

பிறகு எனக்கு அட்டைப் பைத்தியம் பிடித்தது. நாம் இந்த நாட்டுக்கு வருவதற்கு எத்தனையோ வருடங்களுக்கு முன்பு, பபிள்கம் பாக்கெட்டுக்குள் வைத்து விற்ற ஆட்டக்காரர்களின் படங்கள். சீட்டுக்கட்டுச் சீட்டளவு. நம் அணியில், ஒரே பருவத்தில் ஆடிய பதினொரு பேரையும் சேர்ப்பதென்று ஞாயிற்றுக்கிழமைச் சந்தைகளில் திரிந்தேன்.

"நாங்கள் கோவணத்தோட திரிஞ்ச காலத்தில விளையாடினவங்கள். உனக்கென்ன, மாமன் முறையோ?" என்று நக்கலடித்தாய். ஆனால் மழைச் சேற்றில் என்னோடு குந்தியிருந்து பெட்டி பெட்டியாகக் கிளறியவனும் நீதான். கோல்காப்பாளரைக் கண்டெடுத்தது நீ. பதினேழு வருடத்தில் பத்துப் பேர் சேர்ந்தார்கள். இடப்பக்க முன்கள ஆட்டக்காரன் மட்டும் அகப்படவேயில்லை.

உன்னுடைய பைத்தியம் வேறு. எல்லை தாண்டும்போது ஆற்றில் நனைந்து உன் பிறப்புச் சான்றிதழின் மை கரைந்துபோயிற்று. விசாரித்த அதிகாரி உன் பிறந்தநாளை ஜனவரி முதலாம் திகதி என்று போட்டுவிட்டான். அதிலிருந்து வெறுங்காகிதத்தைக் கண்டால் உனக்குப் பொறுக்காது. விசாக் கடிதம், கல்யாண அழைப்பிதழ், முருகன் படம், உன் மகளின் நீச்சல் சான்றிதழ் எல்லாமே லேமினேட். மிஷினை வாங்கி வீட்டிலேயே வைத்திருந்தாய். தெரிந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள்; நானும் சேர்ந்து சிரித்தவன்தான்.

அம்மா செத்து நான் ஊருக்குப் போனேன். மோர்டனில் என் வீட்டுச் சுவரில் ஈரம் ஊறிக்கொண்டிருந்தபடியால், அட்டைகள் இருந்த தகரப் பெட்டியை உன்னிடம் தந்தேன். "பத்திரமா வைச்சிரு" என்று சொல்லித் தந்தேன். உன்னிடம் போய் அந்தச் சொல்லைச் சொன்னேனே, என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

மூன்று கிழமை கழித்து வந்தேன். பத்துப் பேரும் உன் மேசையில் பளபளவென்று கிடந்தார்கள். கையில் குத்தாமலிருக்க மூலைகளை வேறு வட்டமாக வெட்டியிருந்தாய்.

"இனித் தேத்தண்ணி ஊத்தினாலும் ஒண்டும் நடக்காது மச்சான்" என்றாய். சொன்னதோடு விடவில்லை. உன் கோப்பையிலிருந்து ஒரு கரண்டி அள்ளிக் கோல்காப்பாளரின் முகத்தில் ஊற்றி, சட்டைக் கையால் துடைத்துக் காட்டினாய்.

"கொன்றுபோட்டாயடா" என்றேன்.

"ஈரம் பட்டிருந்தா என்ன செய்திருப்பாய்? நான் காப்பாத்தினனான்."

அட்டையைத் தொட்டால் விரலுக்கு அதன் சொரசொரப்புத் தெரியவேண்டும். மூலை மழுங்கியிருந்தாலும் அது தானாக மழுங்கியதாக இருக்கவேண்டும். பிளாஸ்டிக்கை ஒட்டிவிட்டால் திரும்ப உரிக்க ஏலாது. சேகரிக்கிறவன் எவனும் ஏறெடுத்துப் பார்க்கமாட்டான். இதையெல்லாம் உன் வாசலில் நின்று கத்தினேன். பிழை என்று ஒரு சொல் உன் வாயிலிருந்து வரவில்லை. அன்றைக்குப் பத்துப் பேரையும் அள்ளிக்கொண்டு போனவன்தான், பிறகு உன் செத்தவீட்டுக்குத்தான் வந்தேன். பின்வரிசையில் நின்றேன். சவப்பெட்டிக்குக் கிட்ட வரவில்லை.

போன கிழமை உன் மனைவி மோர்டனுக்கு வந்து ஒரு கடித உறையை நீட்டினாள்.

"அண்ணை, இது உங்களுக்கெண்டு மேசை லாச்சிக்குள்ள வைச்சிருந்தவர். நாலு வருசமாக் கிடக்குது. கொண்டுபோய்க் குடுங்கோவன் எண்டு எத்தினை தரம் சொல்லியிருப்பன். அவன் வரட்டும் எண்டுவார்."

உள்ளே இடப்பக்க முன்கள ஆட்டக்காரன். லேமினேட் இல்லை. மெல்லிய உறைக்குள் இட்டு, வளையாதபடி இரண்டு தடித்த மட்டைகளுக்கு நடுவில், பழுத்த சேகரிப்பாளன் வைப்பதைப்போல வைத்திருந்தாய்.

என் கோபம் இரண்டு மடங்காகிவிட்டது. அப்படியென்றால் உனக்கு விளங்கியிருக்கிறது. கேட்டுப் படித்திருக்கிறாய். அந்தப் பத்துப் பேருக்கும் என்ன செய்தாய் என்று தெரிந்துகொண்டே, நாலு வருடம் லாச்சியைப் பூட்டிவைத்துக்கொண்டு 'அவன் வரட்டும்' என்று இருந்திருக்கிறாய். குட்மேய்ஸிலிருந்து மோர்டனுக்கு ரயில் ஓடவில்லையா? எனக்கும் அதே ரயில்தான், தெரியும். நீ அதைச் சொல்லிக் காட்ட வராதே.

அவனை மற்றப் பத்துப் பேரோடும் மேசையில் அடுக்கிப் பார்த்தேன். ஒரு கிழமையாகப் பார்த்தேன். பளபளக்கிற பத்துப் பேருக்குப் பக்கத்தில் அவன் வேறு அணிக்காரன்போலவே கிடந்தான். இன்று காலையில் ரயில் ஏறி, உன் தெருமுனைக் கடைக்குப் போனேன். மிஷினுக்குப் பக்கத்தில் நின்ற பிள்ளை அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அங்கிள், இது நல்ல பழசுபோல கிடக்கு. ஒருக்காப் போட்டா பிறகு கழட்டேலாது. ஓகேயோ?"

"ஓம், போடுங்கோ."

சூடாக வெளியே வந்தது. மூலையை வட்டமாக வெட்டவோ என்று கேட்டாள். வெட்டச் சொன்னேன்.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. ஒத்துக்கொள்ளாமல் போனவனுக்கு மன்னிப்பு எதற்கு? பதினொரு பேரையும் ரப்பர் வளையம் போட்டுச் சட்டைப்பையில் கொண்டு திரிகிறேன்; மழைக்குப் பயமில்லை. வீட்டுக்கு வந்து தேத்தண்ணி போட்டேன். ஒரு கரண்டி அள்ளி இடப்பக்கக்காரனின் முகத்தில் ஊற்றி, சட்டைக் கையால் துடைத்தேன். நீ சொன்னபடிதான், ஒன்றும் நடக்கவில்லை.