சொகுசு ரயிலில் உனக்குப் பசித்தது

இன்று காலை கீழ் வீட்டில் வெண்ணெய் தடவி ரொட்டி வாட்டினார்கள். வாசனை மாடிப்படி ஏறி என் சமையலறை வரைக்கும் வந்துவிட்டது. குடித்துக்கொண்டிருந்த காபியைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். ரயிலும், ஜன்னலில் விடிந்துகொண்டிருந்த வெளிச்சமும், எதிரில் சால்வையைப் போர்த்திக்கொண்டு முறைத்தபடி உட்கார்ந்திருந்த நீயும் ஞாபகத்துக்கு வந்தீர்கள்.

கொஞ்ச நேரத்தில் கீழ் வீட்டுப் பெண்ணே மேலே வந்தாள். கல்யாண நாளுக்கு அவளும் வீட்டுக்காரரும் நாம் போன அதே சொகுசு ரயிலில் போகப் போகிறார்களாம். "ஆன்ட்டி, நீங்க போய்ட்டு வந்தவங்கதானே, அதுல சாப்பாடெல்லாம் எப்டி இருக்கும்?" என்று கேட்டாள். எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. எல்லாவற்றையும் சொன்னேன். சாப்பிடும் பெட்டி தனியாக இருக்கும். என்ன ஆகாது, என்ன பிடிக்காது என்று முன்னாலேயே கேட்பார்கள், வெட்கப்படாமல் சொல்லிவிடு. முதலில் வரும் ரொட்டியையே தின்று வயிற்றை நிரப்பிக்கொள்ளாதே, அதற்குப் பிறகுதான் ஒவ்வொன்றாக வரும். வெள்ளைத் துணியை மடியில் போட்டுக்கொள்ள வேண்டும், முகத்தைத் துடைத்துவிட்டு முழிக்கக் கூடாது. தட்டில் கொஞ்சம்தான் இருக்கும், பயப்படாதே, கேட்டால் சந்தோஷமாக இன்னொரு முறை கொண்டுவருவார்கள். ஏசி குளிரும், சால்வை எடுத்துப் போ.

"சூப்பர் ஆன்ட்டி" என்று போய்விட்டாள். உன்னைப் பற்றி அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அது உன்னிடம் பேச வேண்டியது.

நாம் ரயிலில் போன அந்த வருஷம் உன் வீட்டில் சாப்பாடு என்ற பேச்சை எடுத்தாலே சண்டைதான். தொண்டையில் வந்த கட்டிக்கு பெங்களூர் ஆஸ்பத்திரியில் ரேடியேஷன், நம் பேச்சில் கரண்ட், வைத்து முடித்திருந்தார்கள். கட்டி சுருங்கிவிட்டது, விழுங்குவதற்கு வழியும் இருக்கிறது, ஆனால் ருசி போய்விட்டது, பசி போய்விட்டது. "மண்ணள்ளித் தின்ன மாரி இருக்குதுடி" என்பாய். உடம்பில் சதை பிடித்தால்தான் ஆபரேஷன் செய்ய முடியும், இப்படியே இளைத்துக்கொண்டு போனால் உடம்பு தாங்காது என்று டாக்டர் உன் எதிரிலேயே சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரியிலிருந்து ஓசூருக்குத் திரும்பும்போது ஜூஜுவாடி செக்போஸ்ட்டில் லாரிகளுக்குப் பின்னால் வண்டி நின்றால், நான் இறங்கி ஓடி இளநீர் வாங்கி வருவேன். நீ இரண்டு மடக்கு குடித்துவிட்டு மீதியை டிரைவரிடம் நீட்டுவாய். ராகிக் கஞ்சியை டம்ளரில் வைத்துக்கொண்டு உன் மகன் பின்னாலேயே சுற்றுவான். நாம் வேலை பார்த்த கம்பெனியில் எத்தனை பேரை வேலை வாங்கிய லைன் லீடர் நீ! ஒரு டம்ளர் கஞ்சிக்கு முன்னால் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பாய். 

அப்போதுதான் என் மகள் அந்த ரயில் டிக்கெட்டைப் போட்டாள். அவளும் நானும் போவதாக இருந்தது. கடைசியில் அவளுக்கு ஆபீசில் லீவு கிடைக்கவில்லை. "உன் ஃப்ரெண்டைக் கூட்டிட்டுப் போம்மா" என்றாள். உன் மகனுக்குத்தான் மனசே இல்லை.

"ஆன்ட்டி, வீட்லயே ஒரு இட்லி உள்ள போவல. அங்க போய் என்னா திங்கப் போறாங்க? நீங்க வேற."

"திங்கலன்னா வேடிக்கை பாத்துட்டு வரட்டும்டா. நாலு செவுத்தையே பாத்துக்கிட்டு இருக்கறவளுக்கு எப்டிடா பசிக்கும்?" என்று அடம்பிடித்து உன்னைக் கிளப்பினேன். தைரியமாகப் பேசிவிட்டேனே தவிர, நீ சாப்பிடுவாய் என்ற நம்பிக்கை எனக்கும் இல்லை.

முதல் ராத்திரிச் சாப்பாடு. மர வேலைப்பாடு செய்த பெட்டி, மஞ்சள் விளக்கு, கஞ்சி போட்ட மாதிரி விறைப்பான மேஜை விரிப்பு. நம் இரண்டு பேருக்கும் ஜன்னலோரம் சின்ன மேஜை. மீசை நரைத்த ஒரு மனிதர், கறுப்புக் கோட்டுப் போட்டவர், நம் மேஜையைக் கவனித்துக்கொண்டார். தட்டுக்கு இரண்டு பக்கமும் கத்தி, முள்கரண்டி, கரண்டி என்று வரிசையாக வைத்திருந்ததைப் பார்த்ததும் உன் முகம் லேசாக மலர்ந்தது. "பாருடி, எப்டி லைனா வெச்சிருக்கான். கம்பெனியில நீ பாத்துக்கிட்ட ஸ்டோர்ஸ்ல ஒரு நாளாச்சும் இப்டி இருந்துச்சா?" என்று என்னை ஒரு குத்து குத்தினாய். நோய் வந்த பிறகு நீ என்னைத் திட்டவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. சந்தோஷமாக வாங்கிக்கொண்டேன்.

சூப் வந்தது. இரண்டு வாய் குடித்துவிட்டு, உனக்கு எப்போதும் போல நாக்கு வறண்டதால், கரண்டியை வைத்துவிட்டுத் தண்ணீரை எடுத்தாய். அந்த மனிதர் வந்து குனிந்து, "மே ஐ, மேடம்?" என்றார். நீ தலையை ஆட்டினாய். கிண்ணம் போய்விட்டது. பிறகு மீன் வந்தது. ஒரு துண்டு வாயில் போட்டாய், கத்தியையும் முள்கரண்டியையும் தட்டில் வைத்துவிட்டு மறுபடி தண்ணீர். மறுபடி "மே ஐ, மேடம்?" மறுபடி நீ தலையை ஆட்ட, மீனும் போனது. சோறு வந்ததும் போனதும் அப்படித்தான். நான் என் தட்டை வழித்துச் சாப்பிட்டுக்கொண்டே உன்னைப் பார்த்தேன். ஒவ்வொரு தட்டும் அப்படியே திரும்பிப் போகிறது.  இவ்வளவு தூரம் கூட்டிவந்தும் இவள் வாயைத் திறக்கவில்லையே, ஆபரேஷனும் இல்லை ஒன்றும் இல்லை, அவ்வளவுதானா என்று நினைத்தேன்.

காலையிலும் அதே கதை. வெண்ணெயில் வாட்டிய ரொட்டி, ஆம்லெட், கூடவே சுட்ட தக்காளி. வாசனையே ஆளைத் தூக்கியது. நீ ஒரு ஓரத்தைக் கடித்தாய். நான் ஜன்னல் பக்கம் திரும்பி ஒரு ஏரியைப் பார்த்துவிட்டுத் திரும்புவதற்குள் உன் முன்னால் வெறும் மேஜை விரிப்புதான் இருந்தது. நீயோ என்னை முறைத்துக்கொண்டிருந்தாய். அந்த முறைப்புக்கு என்ன அர்த்தம் என்று எனக்கு விளங்கவில்லை.

நம் அறைக்கு வந்து கதவைச் சாத்தியதும் பொறுக்க முடியாமல் கத்திவிட்டேன். "ஏன்டி, நாலு வாய் திங்க மாட்டியா? உனக்கு என்னா கேடு? உன் பையன் மூஞ்சில நான் எப்டி முழிக்கறது?"

நீ என்னைவிடச் சத்தமாகக் கத்தினாய். அந்தத் தொண்டையிலிருந்து அவ்வளவு சத்தம் வரும் என்று எனக்குத் தெரியாது.

"எங்கடி திங்க உட்டான் அந்த ஆளு? ஒரு வாய் வெச்சா தட்டைத் தூக்கிக்கிட்டுப் போய்டறான்! நேத்து ராத்திரியிலருந்து பாக்கறேன். பெரிய எடத்துச் சாப்பாடுன்னா இவ்ளோதான் போல, ருசி பாத்துட்டு அனுப்பிடணும் போலன்னு நானும் வாயை மூடிக்கிட்டு இருக்கேன். நீ பாட்டுக்கு வாரி வாரிப் போட்டுக்கற. எனக்குப் பசி உசுரு போவுதுடி!"

நான் அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். "என்னா சொன்னே?"

"பசிக்குதுன்னேன். செவுடா?"

"இன்னொரு வாட்டி சொல்லு."

"பசிக்குது, பசிக்குது, பசிக்குது! போதுமா?"

நீ சொல்லி முடிப்பதற்குள் நான் உன்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டேன். என்னைப் பிடித்துத் தள்ளிக்கொண்டே, "இவ ஒருத்தி. பசிக்குதுன்னா சோறு போடாம அழுவறா" என்றாய். அழுகையும் சிரிப்புமாக எனக்கு மூச்சு வாங்கியது. எத்தனை மாதமாக நாங்கள் எல்லோரும் அந்த ஒரு வார்த்தைக்குக் காத்துக் கிடந்தோம்! மாதாவிடம் நேர்ந்துகொண்டது நான். உன் மகன் தளிப் பக்கம் குலதெய்வத்துக்குப் படையல் வைத்திருந்தான். பசி அது பாட்டுக்கு வந்து நிற்கிறது, நீ மரியாதைக்குப் பயந்து அதை ஒரு ராத்திரி முழுக்க மூடி வைத்திருக்கிறாய்.

மதியம் அந்த மனிதரைக் கூப்பிட்டு நானே விஷயத்தைக் கேட்டேன். அவர் பதறிப்போனார். "இல்லம்மா, இவங்கதான் கத்தியையும் ஃபோர்க்கையும் பக்கத்துல பக்கத்துல நேரா வெச்சாங்க. அப்படி வெச்சா முடிஞ்சுது, எடுத்துக்கலாம்னு அர்த்தம். இன்னும் சாப்பிடுறோம்னா தட்டுல விரிச்சு, குறுக்கால வெக்கணும்" என்று காட்டினார்.

உன் முகத்தை அப்போது பார்க்க வேண்டுமே! கம்பெனியில் உன் லைன் பெஞ்சின் மேல் ஒவ்வொரு டூலுக்கும் மஞ்சள் பெயின்ட்டில் கோடு போட்டிருக்கும். ஸ்பேனரைக் கீழே வைத்தால் கோட்டுக்குள், நேராக, கைப்பிடி நம் பக்கம் பார்த்து இருக்க வேண்டும். வேலை பாதியில் இருந்தாலும் சரி, முடிந்தாலும் சரி. புதிதாக வரும் பெண்களுக்கு முதல் நாள் நீ சொல்லிக்கொடுப்பதே அதுதான். அந்தக் கை ரயிலுக்கு வந்தால் மட்டும் மாறிவிடுமா? கத்தியை ஒரு நூல் பிசகாமல் முள்கரண்டிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறாய், அவரும் ஒரு நூல் பிசகாமல் தட்டை எடுத்திருக்கிறார். எனக்கு அந்தச் சிக்கலே வரவில்லை. நான் கரண்டியைக் கீழே வைத்தால்தானே!

"குறுக்கால போட்டா வேலை நடக்குதுன்னு அர்த்தமா?" என்று நீ அவரைப் பார்த்துக் கேட்டாய். "எங்க லைன்ல இப்டிப் போட்டிருந்தா மெமோ குடுத்து வீட்டுக்கு அனுப்பியிருப்பேன்." பாவம், அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

சொல்லிக்கொடுத்தும் உனக்கு வரவில்லை என்பதுதான் வேடிக்கை. குறுக்கே வைப்பாய், ஒரு நிமிஷம் பார்ப்பாய், பொறுக்காமல் கை தானாகப் போய் நேராக்கிவிடும். அவர் இரண்டு அடி எடுத்து வைப்பார், "ஏய் ஏய், இல்ல, இல்ல" என்று நான் கையை நீட்டி மறிப்பேன். பக்கத்து மேஜைக்காரர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். கடைசியில் அவர் குனிந்து கன்னடத்தில், "கையிலேயே சாப்பிடுங்கம்மா, யாரு கேக்கப் போறாங்க?" என்றார். நீ வீட்டில் பேசும் பாஷையைக் கேட்டதும் அத்தனை கூச்சமும் போய்விட்டது உனக்கு. "ஹொட்டே ஹசிதைதே ஸ்வாமி" என்றாய். வயிறு பசிக்கிறது என்று முன்பின் தெரியாத ஒரு மனிதரிடம் குழந்தை மாதிரி சொன்னாய்.

அன்றைக்குக் கர்நாடகச் சாப்பாடுதான் போட்டார்கள். அரிசி ரொட்டி, எண்ணெய்க் கத்திரிக்காய், அப்புறம் தயிர்ச்சோறு. ரொட்டியைப் பிய்த்துக் குழம்பில் ஊறவைத்து மெதுவாகத் தின்றாய். ஒரு வாய்க்கு ஒரு மடக்குத் தண்ணீர். ரயில் ஒரு ஸ்டேஷனில் நின்று, கிளம்பி, இன்னொன்றிலும் நின்றது. மற்ற மேஜைகள் எல்லாம் காலியாகிவிட்டன. யாரும் உன்னை அவசரப்படுத்தவில்லை. கத்திரிக்காயை மென்றுகொண்டே, "உப்புத் தெரியுதுடி" என்றாய். பிறகு இன்னும் கொஞ்சம் தயிர்ச்சோறு கேட்டாய். அவர் கொண்டுவந்து வைத்துவிட்டுச் சற்றுத் தள்ளியே நின்றுகொண்டார். நான் ஊறுகாயைக் கூடத் தொடாமல் உன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்னாடி பாக்கறே? கண்ணு வெக்காத" என்றாய்.

வீடு திரும்பியதும் உன் மகனைப் பார்த்து நீ கேட்டது, "ராத்திரிக்கு என்னா கொழம்பு?" என்றுதான். அவன் என்னைப் பார்த்த பார்வையை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன். உடம்பு தேறியது. ஆபரேஷனும் நடந்தது. பேத்திக்குக் காது குத்தினாய், பேரிகைச் சந்தைக்குப் போய் என்னோடு தக்காளிக்குப் பேரம் பேசினாய், என் வீட்டு அலமாரியை நான் கேட்காமலேயே ஒழுங்குபடுத்தி என்னிடம் திட்டு வாங்கினாய். நல்ல காலம்தான் அது. அப்புறம் அந்தப் பாழாய்ப்போனது திரும்பி வந்தது. இந்த முறை எந்த ரயிலும் உதவவில்லை. கடைசி நாட்களில் குழாய் வழியாகத்தான் எல்லாம்.

உன்னை ஜவளகிரிப் பக்கம் உங்கள் நிலத்தில் அடக்கம் செய்துவிட்டு ஓசூருக்குத் திரும்பி வந்தோம். குளித்துவிட்டு உன் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். அங்கே உட்கார்ந்திருக்கும்போது எனக்குப் பசித்ததடி. சாதாரணப் பசி இல்லை, குடலைப் பிடுங்குகிற பசி. எனக்கே என் மேல் அருவருப்பாக வந்தது. நீ மண்ணுக்குள் போய் ஒரு பொழுதுகூட ஆகவில்லை, எனக்குச் சோறு கேட்கிறதா என்று வயிற்றை அமுக்கிப் பிடித்துக்கொண்டேன். சாவு வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது என்பதால் செருப்பை மாட்டிக்கொண்டு சத்தமில்லாமல் கேட் வரைக்கும் வந்துவிட்டேன்.

உன் மகன் பின்னாலேயே ஓடிவந்தான். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. "ஆன்ட்டி, சாப்பிடாம எங்க போறீங்க?"

"வேணாம்ப்பா. எனக்குப் பசிக்கல."

"நீங்க இப்டித்தான் சொல்லுவீங்கன்னு அம்மா சொன்னாங்க" என்றான். "பேச்சு நின்னு போறதுக்கு முன்னால ஒண்ணுதான் ஆன்ட்டி சொன்னாங்க. நகையைப் பத்தி, நிலத்தைப் பத்தி, என்னைப் பத்திக் கூட ஒண்ணும் சொல்லல. 'நான் போற அன்னிக்கு ஸ்டெல்லா பசிக்கலன்னு பொய் சொல்லுவா, நம்பாத, ஒக்கார வெச்சுச் சோறு போட்டு அனுப்பு'ன்னாங்க."

திரும்பி வந்து உட்கார்ந்தேன். அவனே போட்டான். அழுதுகொண்டே சாப்பிட்டேன், ஆனாலும் வயிறு நிறையச் சாப்பிட்டேன். பசிப்பது தப்பே இல்லை என்று உன்னைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் யார்?

என் மகள் தினமும் மத்தியானம் போன் செய்து "சாப்டியாம்மா?" என்று கேட்பாள். முன்பெல்லாம் எதையாவது கொறித்துவிட்டு "ஆச்சு ஆச்சு" என்று பொய் சொல்வேன். இப்போது சொல்வதில்லை. தனியாள்தானே என்று நினைக்காமல் ஒரு குழம்பும் ஒரு பொரியலும் வைத்து, உட்கார்ந்து, ஆறஅமரச் சாப்பிட்டுவிட்டுத்தான் போனை எடுக்கிறேன். இன்றைக்கும் சாப்பிட்டாயிற்று. அதை உன்னிடம் சொல்ல வேண்டும் போல இருந்தது.