முந்நூறு மலைக்குரல்கள்

11 ஜனவரி 2021, திங்கள்

இன்று முதல் நான் தரப் பரிசோதகர். கொளஞ்சியப்பன் சார் எழுந்து நின்று அறிவித்தார், பதினாலு பேரும் கை தட்டினார்கள். சம்பளம் பழையதுதான். கள்ளக்குறிச்சி உரக்கடை மாடியில், பூச்சிமருந்து வாடைக்கு நடுவே, நாங்கள் செயற்கை நுண்ணறிவு வளர்க்கிறோம்.

கல்வராயன் மலையில் முந்நூறு பேரிடம் ஆளுக்கு இருபது நிமிடம் பேச்சைப் பதிவு செய்து பெங்களூர் கம்பெனிக்கு அனுப்ப வேண்டும். அதைக் கேட்டுக் கேட்டு மெஷின் மலைப்பேச்சைக் கற்றுக்கொள்ளுமாம். பிறகு மலைக்காரர்கள் போன் போட்டு உடம்புக்கு என்னவென்று சொன்னால், அது புரிந்துகொண்டு மருந்து சொல்லும், அவசரம் என்றால் வண்டி அனுப்பும். நல்ல காரியம். அதைத்தான் மலைக்குப் போய்ப் பதிவு செய்கிற சுபாஷை நம்பிக் கொடுத்திருக்கிறார்கள்.

19 ஜனவரி

ஒரே வாரத்தில் எண்பது பேரைப் பதிவு செய்துவிட்டான் சுபாஷ். "ஏறி எறங்கி முட்டியே போச்சுக்கா" என்கிறான். ஷூவில் ஒரு பொட்டு மண் இல்லை.

22 ஜனவரி

பதிவு எண் 47. பெண், வயது 55, வெள்ளிமலைப் பக்கம், பதிவு செய்த இடம்: வீட்டு அடுப்படி. பின்னால் ஒரு கண்டக்டர் "உளுந்தூர்பேட்டை, உளுந்தூர்பேட்டை, ஏறு ஏறு" என்று கத்துகிறார். பஸ் ஸ்டாண்டுக்குள் அடுப்பு மூட்டியிருக்கிறார்கள் போல.

அந்த 55 வயதுப் பெண் சுபாஷ். எண் 48, எழுபது வயதுக் கிழவர், அதுவும் சுபாஷ், இருமலோடு. 52-ம் அவனே, மூக்கைப் பிடித்துக்கொண்டு. எல்லோரும் சினிமா மலைவாசி போல இழுத்து இழுத்துப் பேசி, வாக்கியத்துக்கு வாக்கியம் "சாமியோவ்" போடுகிறார்கள். காலேஜ் ஹாஸ்டலில் என்னோடு மூன்று வருஷம் ஒரு மலைப்பெண் இருந்தாள். அவள் யாரையும் சாமியோவ் என்றதில்லை. வார்டனைத் திட்டும்போது வேறு நிறையச் சொல்லியிருக்கிறாள்.

29 ஜனவரி

இட ஒதுக்கீட்டுப் போராட்டம். பஸ்ஸைத் திருப்பி விட்டுவிட்டார்கள், நடந்தே வந்தேன். கலெக்டர் ஆபீஸ் முன்னால் மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பது யார்? சுபாஷ்.

"எங்க சாதியில எத்தன பேருன்னு வூடு வூடா போயி எண்ணு! எண்ணாம எப்பிடி பங்கு குடுப்ப?"

நியாயமான கேள்வி. அதைக் கேட்கிற யோக்கியதை? எங்கள் பதிவேட்டின்படி அவன் இன்று மலையில் இருக்கிறான். சாயங்காலம் அவனுடைய பதிவுகளில் இருபத்திரண்டு மலைக்காரர்கள் வந்து சேர்ந்தார்கள், பின்னால் கோஷத்தோடு.

1 பிப்ரவரி

எல்லாவற்றையும் கேட்டு முடித்தேன். முந்நூறில் இருநூற்றுப் பன்னிரண்டு போலி. கொளஞ்சியப்பன் சாரிடம் பட்டியலை நீட்டினேன். அவர் அதை மடித்து டீ டம்ளருக்கு அடியில் வைத்தார்.

"இன்னாம்மா அமுதா, பெங்களூர்ல கீறவனுக்கு மலைப்பேச்சு தெரியுமா? யாரு கண்டா? இத திருப்பி அனுப்பினா ஆபீஸ மூடிக்கினு போவ வேண்டிதுதான். பதினாலு வூட்ல அடுப்பு எரிய வேணாமா?"

பக்கத்து மேஜையில் விஜயலட்சுமி தலையைத் தூக்கவில்லை. லாக்டவுனில் அவள் வீட்டுக்காரருக்கு வேலை போனதிலிருந்து இந்தச் சம்பளம்தான்.

2 பிப்ரவரி

எனக்கு மட்டும் என்ன? அப்பா முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு வேலைக்குப் போவதில்லை. ஆனாலும்... காய்ச்சலோடு போன் போடுகிறவர்கள் என்ன ஆவார்கள்? ச்சே, பெங்களூர்க்காரன் ஒரு தடவையாவது சோதித்துப் பார்க்க மாட்டானா? பெரிய பெரிய படிப்பு படிச்சவனுங்க, கண்டுபிடிக்கட்டுமே. எல்லாம் என் தலையிலதானா?

3 பிப்ரவரி

முந்நூறுக்கும் டிக் போட்டுவிட்டேன். சரிபார்த்தவர்: பி. அமுதா.

26 பிப்ரவரி

உள் ஒதுக்கீட்டுச் சட்டம் நிறைவேறிவிட்டது. சுபாஷ் எல்லோருக்கும் லட்டு கொடுத்தான். நானும் தின்றேன்.

14 செப்டம்பர்

பெங்களூரிலிருந்து பாராட்டுக் கடிதம். எங்கள் தரவின் தரம் "மிகச் சிறப்பு" என்று என் பெயர் போட்டு எழுதியிருக்கிறார்கள். கேக் வெட்டினோம். இந்த லட்சணத்தில் இவர்கள் உலகத்துக்கு அறிவு செய்து கொடுக்கப் போகிறார்கள்.

31 மார்ச் 2022

சுப்ரீம் கோர்ட்டு சட்டத்தை ரத்து செய்துவிட்டது. போதுமான, சமீபத்திய புள்ளிவிவரம் இல்லையாம். சுபாஷ் மத்தியானம் சாப்பிடவில்லை. இதை நம்பித்தான் தங்கையை நர்சிங் சேர்க்கக் காத்திருந்தான்.

"நேர்ல போயி ஆளப் பாத்து எழுதியிருந்தா நின்னிருக்கும்லக்கா? எவனோ உக்காந்த எடத்துலயே கணக்க எழுதிட்டு எங்க வாயில மண்ணப் போட்டுட்டான்."

அவன் கண்ணில் தண்ணீர் நின்றது. பாவமாகத்தான் இருந்தது, ஆனால் சிரித்துவிட்டேன். "ஏன்க்கா சிரிக்கிற?" என்றான். அவனுக்கு உண்மையாகவே விளங்கவில்லை.

9 ஏப்ரல்

மலையில் போன் சேவை ஆரம்பித்து மூன்று மாதம். அறிக்கை வந்திருக்கிறது. முதல் மாதம் நூறு அழைப்பில் முப்பத்தொன்றுதான் மெஷினுக்குப் புரிந்ததாம். இப்போது எண்பத்தெட்டு! "தானாகவே கற்றுக்கொண்டது" என்று பெங்களூர் மார் தட்டுகிறது. புதிதாக ஒரு குரல்கூடச் சேர்க்காமல் எதைக் கற்றது? நேரில் பார்த்து அறிக்கை எழுத ஒரு ஆள் வேண்டுமாம். நான் போகிறேன் என்றேன்.

12 ஏப்ரல்

வெள்ளிமலையைத் தாண்டி ஒரு ஊர். சின்னப்பொண்ணு என்கிற பெண், முப்பது வயது இருக்கும், இடுப்பில் குழந்தையோடு வந்தாள். மெஷினைப் பற்றி அவளிடம் கேளுங்கள், அவள்தான் ஊருக்கே சொல்லிக்கொடுத்தவள் என்றார்கள்.

"மொதல்ல கொழந்தைக்குக் காச்சல்னு நாலு வாட்டி சொன்னங்க. 'புரியவில்லை, மீண்டும் சொல்லவும்'னே சொல்லிச்சு. ரெண்டு நாள் ஆயிப்போச்சு, கொழந்தைக்கு வலிப்பே வந்துடுச்சு. அப்பறம் ஆஸ்பத்திரி வண்டி ஓட்டறவருதான் சொன்னாரு, வேற ஊர்ல அப்பிடிப் பேசினா புரியுதாம், இழுத்துப் பேசிப் பாரு, கடைசியில சாமியோவ் போடுன்னு. போட்டன். ஒடனே புரிஞ்சிக்கிச்சு. இப்ப இங்க எல்லாருமே அப்பிடித்தாங்க பேசறோம்."

பேசியும் காட்டினாள். அச்சு அசல் சுபாஷ். அந்த இழுப்பு, அந்த மூக்கடைப்பு, எல்லாம். "புரிந்தது, காய்ச்சல் எத்தனை நாளாக?" என்றது மெஷின். பின்னால் நின்ற நாலைந்து பெண்கள் சந்தோஷமாகச் சிரித்தார்கள்.

"உங்கள் பேச்சிலேயே ஒரு தடவை சொல்லுங்களேன்" என்றேன்.

வெட்கப்பட்டு முந்தானையை இழுத்துக்கொண்டாள். "வேணாங்கம்மா. எங்க பேச்சு சரியில்லீங்க. மெஷினுக்கே புரியலன்னா பாத்துக்குங்களேன்."

உங்கள் பேச்சில் ஒரு தப்பும் இல்லை, தப்பு நான் செய்தது. இதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? வேன்காரர் ஹாரன் அடித்தார். அவள் சொன்னது சரிதான் என்பதுபோலத் தலையை ஆட்டிவிட்டு ஏறிக்கொண்டேன்.