முதல் நாள் வருகிறவள்

ஏட்டி,

இன்றைக்குச் சாயங்காலம் ஹாலைக் கூட்டிவிட்டு, ஆடும்போது கால் வழுக்கிப் போவதற்காகத் தரையில் பவுடர் தூவினேன். முகத்துக்குப் போடுகிற அதே சாதாரணப் பவுடர்தான். மழை வருவதுபோல் ஒரு புழுக்கம். பவுடர் வாசத்துக்கு அடியிலிருந்து தீப்பெட்டி மருந்தின் வாடை எழுந்து வந்தது. எத்தனை தடவை சோப்புத் தண்ணீர் ஊற்றிக் கழுவினாலும் இந்தச் சிமெண்டுத் தரை அதைக் கக்கிக்கொண்டேதான் இருக்கிறது. டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு உன்னை நினைத்து அப்படியே நின்றுவிட்டேன். ஆட்டம் தொடங்கி நான் சுவரோரம் உட்கார்ந்த பிறகு வாசலில் ஒருத்தி வந்து நின்றாள். உன் புருசனின் இரண்டாவது பெண்டாட்டி. அவளை என்ன செய்தேன் என்று உனக்குச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

இந்த ஹால் தீப்பெட்டி ஆபீசாக இருந்தபோது நாம் இரண்டு பேரும் பாவாடை சட்டையோடு இங்கே வேலைக்கு வந்தோம். வெளியூர்க்காரர்கள் ஆபீஸ் என்றதும் மேசை நாற்காலியை நினைப்பார்கள். நமக்கு ஆபீஸ் என்றால் குச்சியும் மருந்தும்தான். காலைத் தரையில் தேய்க்கக் கூடாது என்பது இங்கே முதல் பாடம். மருந்துத் தூள் சிந்திக் கிடக்கும், உரசினால் பற்றும். தேய்த்து நடந்தவளின் கரண்டைக்காலில் கணக்குப்பிள்ளை மரச்சட்டத்தால் அடிப்பார். உனக்கும் விழுந்தது, எனக்கும் விழுந்தது. அப்படி அடித்தும் தீ பிடிக்கத்தான் செய்தது. மருந்து முக்குகிற அறையிலிருந்து ஓடிவந்த ஒரு அக்காவின் சேலை உடம்போடு ஒட்டியிருந்ததை நாம் பார்த்தோம். வண்டியில் ஏற்றும்போது அவள் தண்ணீர்கூடக் கேட்கவில்லை. "நான் காலத் தேய்க்கலியே, நான் தேய்க்கலியே" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பிறகு உன்னை நாகலாபுரத்தில் கட்டிக்கொடுத்தார்கள். பேதியில போவான், அவன் மோட்டார் பெல்ட்டால் அடிப்பான். ஒரு தடவை நீ ஊருக்கு வந்தபோது கதவில் இடித்துக்கொண்டேன் என்றாய். "எந்தக் கதவுட்டி கழுத்துல அஞ்சு விரலையும் பதிக்கும்?" என்று கேட்டேன். நீ சிரித்தாய். அடுத்த மாதம் யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறிப் பாண்டிச்சேரிக்குப் போய்விட்டாய். அங்கே ஒரு வெள்ளைக்கார அம்மா வீட்டில் சமையல் வேலை. இங்கே அவன் வருசம் திரும்புவதற்குள் இன்னொருத்தியைக் கொண்டுவந்து வைத்துக்கொண்டான். பிள்ளையும் பிறந்தது. உன்னைத் தேடினான் என்று நான் கேள்விப்படவே இல்லை.

பாண்டிச்சேரியில் அந்த அம்மா வீட்டுக் கூடத்தில் சனிக்கிழமைதோறும் ஆட்டம் நடக்குமாம். ஒரு நாள் ஜோடிக்கு ஆள் குறைந்ததால் அடுப்படியில் நின்ற உன்னைக் கூப்பிட்டார்கள். "அந்தம்மா என் முதுகுல கை வைக்க வந்துச்சு. நான் ரெண்டு கையாலயும் தலைய மூடிக்கிட்டுக் குனிஞ்சிட்டேன்ட்டி" என்று நீ பிறகு என்னிடம் சொன்னாய். அந்த அம்மா சிரிக்கவில்லையாம். தமிழில் எப்படிச் சொல்வது என்று உன்னிடமே கேட்டுக் கற்றுக்கொண்டு, அன்றிலிருந்து ஒவ்வொரு தடவையும் தொடுவதற்கு முன்னால் "கை வருது, கை வருது" என்று சொல்லிவிட்டுத்தான் தொட்டாளாம். அப்படித்தான் நீ டாங்கோ படித்தாய்.

உன் அம்மாவைப் பார்க்க வந்தவள், அம்மா செத்த பிறகும் பாண்டிச்சேரிக்குத் திரும்பிப் போகவில்லை. திடீரென்று ஒரு நாள் கோவில்பட்டியில் டாங்கோ சொல்லிக்கொடுக்கப் போகிறேன் என்றாய்.

"ஒனக்கு என்ன கிறுக்கு புடிச்சிருக்கா?" என்றேன்.

"ஒண்ணுமில்லட்டி. அர்ஜென்டினாவுல தொறமுகத்துப் பக்கம் பொழைக்க வந்த சனங்க ஆடுனது. ஊர விட்டு வந்து, குடிச்சிட்டு, கத்தியால குத்திக்கிட்டுக் கெடந்த சனங்க. ரெண்டு பேரு ஒருத்தர ஒருத்தர் புடிச்சிக்கிட்டு நடக்கணும். அம்புட்டுதான்."

"நடக்கதுக்கு எதுக்குட்டி கிளாசு?"

"ஒன்னால என் கூடச் சேந்து நாலு எட்டு நடக்க முடியுதா பாப்போம், வா" என்று இழுத்தாய். முடியவில்லை. உன் காலை மிதித்துக்கொண்டே இருந்தேன்.

ஆபீஸ் மூடிக் கிடந்த இந்த இடத்தை முதலாளி அண்ணாச்சியிடம் நீயே போய்ப் பேசி வாடகைக்கு எடுத்தாய். ஆள் பிடிக்க நீ அலைந்த அலைச்சலை இப்போது நினைத்தாலும் மலைப்பாக இருக்கிறது. புதியம்புத்தூரில் தைக்கப் போய்விட்டு வருகிற பெண்களை பஸ் ஸ்டாண்டில் மறித்துக்கொண்டு நிற்பாய். தீப்பெட்டி ஆபீஸ் வாசல்களில் நிற்பாய். இடுப்பு வலி என்றவளிடம், ஆடினால் சரியாகும் என்றாய். ஊர் என்ன சொல்லும் என்றவளிடம், "ஊரு ஒன் சாவுக்குத்தான் வரும், ஆட்டத்துக்கு வராது. நீ வா" என்றாய். ஆம்பளைகளும் வரட்டும், ஆனால் முதலில் பெண் பங்கை எடுத்துப் பின்னோக்கி நடந்து பழகட்டும் என்று ஒரு நிபந்தனை வேறு. எந்த ஆம்பளையும் வரவில்லை. பெண்ணும் பெண்ணுமாகத்தான் ஆடினோம்.

டாங்கோப் பாட்டில் வருகிற, ஆர்மோனியம் மாதிரி, கையை விரித்து விரித்து வாசிக்கிற பெட்டியின் சத்தத்தைக் கேட்டு, "என்னக்கா, எழவு வீட்டுப் பாட்டால்லா இருக்கு" என்று ஒருத்தி சொன்னாள். எல்லாரும் சிரித்தார்கள். அதோடு சிரிப்பு நின்றது. நீ முதலில் ஒருத்தியின் முதுகில் கை வைக்கப் போனாய். அவள் தலையை மூடிக்கொண்டு குனிந்தாள். அடுத்தவளும் குனிந்தாள். நம் ஊர்ப் பெண்களுக்குப் பின்பக்கமிருந்து வருகிற கை என்றால் அடிதான். நீ "கை வருது" என்று சொல்லிச் சொல்லி, அவர்கள் நிமிர்கிற வரைக்கும் கையை அந்தரத்திலேயே வைத்திருந்தாய்.

இன்னொரு சங்கடம், கால். டாங்கோவில் கால் தரையைத் தடவிக்கொண்டே போக வேண்டும். நாமோ கால் தேய்த்ததற்கு அடி வாங்கி வளர்ந்தவர்கள். எல்லாரும் கோழி மாதிரிக் காலைத் தூக்கித் தூக்கி வைத்தோம். "தேய்ங்கட்டி, தீப்பிடிக்காது" என்று நீ கத்துவாய். வாரக்கணக்கில் கத்தினாய்.

ஒரு பழக்கத்தை மட்டும் நீ யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. வாசலில் புதிதாக யார் வந்து நின்றாலும் ஆட்டத்தை அப்படியே விட்டுவிட்டு இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நீதான் போவாய். அவளோடு முதல் ஆட்டமும் நீதான். "வாசல்ல நிக்கவள நிக்க விடாத. அவ வீட்டுலருந்து இங்கன வர என்ன பாடு பட்டாளோ. நாம நாலு எட்டு போய்க் கூட்டிட்டு வந்தா கொறஞ்சா போயிருவோம்" என்பாய்.

அதுதான் உன்னைக் கொன்றது.

அன்றைக்கும் இதே மாதிரிச் சாயங்காலம். மேற்கு வெயில் வாசலில் அடித்ததால் நின்ற ஆள் வெறும் கறுப்பாகத்தான் தெரிந்தான். நான் பாட்டு மாற்றிக்கொண்டிருந்தேன். "வாங்க, மொத நாளா? செருப்ப அங்கனயே விட்டுட்டு வாங்க" என்று கையை நீட்டிக்கொண்டு போனாய். கடைசியில் ஒரு ஆம்பளை வந்துவிட்டான் என்று உன் குரலில் சந்தோசம் இருந்தது. முதல் வெட்டு நீட்டிய கையில்தான் விழுந்தது. நீ கத்தவில்லை. "நீங்களா" என்றாய். இரண்டாவது கழுத்தில். நான் ஸ்டூலைத் தூக்கி அவன் மூஞ்சியில் எறிந்தேன், நெற்றி பிளந்தது. அவன் என் பக்கம் திரும்பி வீசியதில் என் முழங்கைக்குக் கீழே எலும்பு தெரிந்தது. தைத்த இடம் இப்போதும் மழைக்காலத்தில் குடைகிறது.

அதற்குப் பிறகு அவன் ஓடக்கூட இல்லை. அருவாளை மடியில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்து, "கட்டிப்புடிச்சு ஆடுதா. என் தாலியக் கட்டிக்கிட்டு ஆடுதா" என்று தெருவைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தான். தெரு கூடி நின்று கேட்டது. நீ உள்ளே கிடந்தாய், உன் தலை என் மடியில் இருந்தது, ரத்தம் என் சேலையை நனைத்துத் தரைக்குப் போனது. டீக்கடையிலிருந்து ஒரு ஆள் கிளாசில் தண்ணீர் கொண்டுவந்தார். நமக்குத்தான் என்று நினைத்தேன். அவனிடம் கொடுத்தார். அவன் குடித்தான். அந்தக் கிளாசை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் யாரையாவது கொல்ல வேண்டும்போல் இருக்கிறது.

காரியம் முடிந்ததும் அண்ணாச்சி சாவியைக் கேட்டார். ரத்தம் விழுந்த இடம், இனி ஆட்டம் வேண்டாம், ஊருக்கு ஆகாது என்றார்.

"ஆபீஸ்ல தீப்புடிச்சு ஆளு செத்தப்ப மூடுனீங்களா அண்ணாச்சி? மறு வாரமே குச்சி அடுக்கச் சொன்னீங்கள்ல" என்றேன். அவர் என்னைப் பார்க்காமல், "ஒன் பாடு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கோர்ட்டில் அவன் வக்கீல் என்னிடம், எவ்வளவு நேரம் கட்டிப்பிடித்து ஆடுவீர்கள் என்று கேட்டார். வெளியே அவனுடைய இரண்டாவது பெண்டாட்டி இடுப்பில் பிள்ளையோடு நின்றுகொண்டு, "ஊரு மேயப் போனவள வெட்டாமக் கொஞ்சுவாவளா?" என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னாள். செருப்பைக் கழற்றி அவள் வாயிலேயே அடித்தேன். போலீஸ்காரம்மா வந்துதான் பிரித்துவிட்டாள். அதற்காக எனக்கு இன்றைக்கு வரைக்கும் வருத்தம் கிடையாது. கேஸ் இழுத்துக்கொண்டே போகிறது. அவன் ஜாமீனில் வந்துவிட்டான்.

ஹாலை நான் நடத்துகிறேன். ஆனால் உன்னை மாதிரி இல்லை. சுவரில் முதுகை வைத்துக்கொண்டு, வாசலைப் பார்த்துத்தான் உட்காருவேன். பக்கத்தில் ஒரு இரும்புக் கம்பி. புதிதாக யாராவது வந்து நின்றால் உட்கார்ந்த இடத்திலிருந்தே, "யாரு? உள்ள வா" என்பேன். பாதிப் பேர் உள்ளே வராமலே திரும்பிப் போய்விடுகிறார்கள். வாசலுக்குப் போக எனக்குக் கால் வரவில்லை. இப்படியே போனால் ஹாலில் பழைய ஆட்கள் மட்டும்தான் மிஞ்சுவோம் என்று எனக்கே தெரியும்.

இன்றைக்கு வந்து நின்றவள், தெருப்பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தபோது முகத்தில் வெளிச்சம் பட்டது. அடையாளம் தெரிந்தது. தாடை வீங்கியிருந்தது. உதடு கிழிந்திருந்தது.

"யாருட்டி ஒன்ன வரச்சொன்னது? எந்த வாசல்ல நிக்கன்னு தெரியுதா?" என்றேன்.

"தெரியுதுக்கா."

"போயிரு. மறுபடியும் செருப்ப எடுக்க வைக்காத."

"எடுத்துக்கோங்க. அவிய பெல்ட்டுக்கு ஒங்க செருப்பு தேவல."

ஆடிக்கொண்டிருந்தவர்கள் ஜோடியை விட்டுவிட்டு வாசலைப் பார்த்தார்கள். அவள் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு பேசினாள். "ஜாமீன்ல வந்ததுலருந்து தெனமும் கேக்காவ. அவ அங்கன என்னதான் ஆடுனா, சொல்லுன்னு. நான் பாத்ததே இல்லன்னு சொன்னாலும் அடிக்காவ. நீயும் ரகசியமாப் போறியான்னு அடிக்காவ. எனக்கு அதப் பாக்கணும்க்கா. எதுக்கு வெட்டுனாவன்னு நான் ஒரு தடவ பாக்கணும்."

புதியம்புத்தூரில் தைக்கிறவள் என் பக்கத்தில் வந்து, "வேண்டாம்க்கா. இவ பின்னாலயே அவன் அருவாளோட வருவான்" என்றாள். அவள் சொன்னதில் தப்பே இல்லை. உள்ளே விட்டால் அவன் வருவான். விரட்டினால் இவள் பெல்ட்டுக்குத் திரும்பிப் போவாள். எனக்கு அந்த நிமிசம் இவள் மயிரைப் பிடித்துத் தெருவில் இழுத்துவிட வேண்டும் என்றுதான் இருந்தது. பொய் சொல்லவில்லை. எழுந்தேன். அதற்குத்தான் எழுந்தேன் என்று நினைக்கிறேன். வாசலுக்குப் போய்ச் சேர்ந்தபோது அவள் ஓடாமல், செருப்படி விழும் என்று கண்ணை இறுக்க மூடிக்கொண்டு நின்றாள்.

"மொத நாளா?" என்றேன். என் குரல் எனக்கே நாய் உறுமுவதுபோல் இருந்தது.

"ஆமாக்கா."

"செருப்ப அங்கனயே விடு."

நடு ஹாலுக்குக் கூட்டிவந்து "கை வருது" என்றேன். கை போய்ச் சேருமுன்பே குனிந்துவிட்டாள். நிமிர்கிற வரைக்கும் காத்திருந்தேன். அவன் வெட்டிய இந்தக் கையைத்தான் அவள் முதுகில் வைத்தேன். ரவிக்கைக்கு அடியில் கயிறு கயிறாகத் தடித்திருந்தது. அவள் மேல் இருந்த கோபம் போய்விட்டது என்று எழுதினால் நீ நம்பமாட்டாய். போகவில்லை. கோபத்தோடேயே ஆடினேன். அவளும் காலைத் தூக்கித் தூக்கித்தான் வைத்தாள்.

"நீ எந்த ஆபீசு?"

"கழுகுமலை ரோட்டுல ஒரு ஆபீசு. சின்னப் பிள்ளையில."

"தேய்ச்சு நட. இங்கன இப்ப மருந்து கெடையாது."

பயந்து பயந்து ஒரு காலைத் தேய்த்தாள். குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டாள். பிறகு அடுத்த காலைத் தேய்த்தாள். ஹாலின் அந்தக் கோடி வரைக்கும் போய்த் திரும்பினோம். பாட்டு முடிந்தது. அவள் என் தோளிலிருந்து கையை எடுக்கவில்லை. சுற்றிலும் பார்த்தாள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ஒருத்தி வேர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஒருத்தி செம்பில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். வேறு எதுவோ வரப்போகிறது என்று அவள் காத்திருப்பது தெரிந்தது.

"இம்புட்டுத்தானாக்கா?" என்றாள்.

"இம்புட்டுதான்."

"இதுக்கா வெட்டுனாவ?"

 தண்ணீர்ச் செம்பை வாங்கி அவள் கையில் கொடுத்தேன்.   என் வீட்டுக்கு வா, இன்றைக்கு அங்கே போகாதே என்றேன். பிள்ளை இருக்கிறது என்றாள். செருப்பை மாட்டிக்கொண்டு, நாளைக்கும் வரலாமா என்று கேட்டாள். வா என்றேன்.

நாளைக்கும் மேற்கு வெயில் இப்படித்தான் அடிக்கும். வாசலில் வந்து நிற்பது அவளா, அவனா, இல்லை பஸ் ஸ்டாண்டிலிருந்து விசாரித்துக்கொண்டு வந்த வேறு எவளோவா என்று இங்கே இருந்து பார்த்தால் தெரியாது. ஆனாலும் நான் எழுந்து போவேன்ட்டி. இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு போக நான் நீ இல்லை. ஒரு கையை நீட்டுவேன். இன்னொரு கையில் கம்பி இருக்கும்.